பாடியவரை யாரும் கேட்கவில்லை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். சர்வரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நான் எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நான் படித்ததெல்லாம் பழசாகிவிட்டது. அதனால் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்னால் நடந்தது. ஈப்போவில் நம் அலுவலகம் அப்போது பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை. ரொட்டி தட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

அடுத்தவர் தளத்தில் இருக்கும் பாட்டையோ படத்தையோ நம் பக்கத்தில் நேரடியாக இழுத்துப் போடுவதை நாம் ஹாட்லிங்க் என்கிறோம். கோப்பு அவருடைய இடத்திலேயே இருக்கும். நம் பக்கத்தை யார் திறந்தாலும் அங்கிருந்து வந்து போகும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நம்முடையது போலத் தெரியும், சுமை மட்டும் அவர் தலையில். இது தப்பு என்று உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் தப்பு என்பதை செமோரில் இருக்கும் ஒரு வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களிடம் முனியாண்டி என்று ஒரு வாடிக்கையாளர் இருந்தார். ஏர்கோன் என்கிற குளிர்சாதனம் பழுது பார்க்கும் சின்னக் கடைக்கான தளம் அவருடையது. நாலைந்து பக்கம்தான் இருக்கும். மாதம் பாதியாவதற்குள் அந்தத் தளம் முடங்கிப் போக ஆரம்பித்தது. அவர் எடுத்திருந்த சின்னத் திட்டத்துக்கு மாதம் இவ்வளவு போக்குவரத்து என்று ஓர் அளவு உண்டு. அது தீர்ந்துபோய்விடும். அடுத்த மாதம் திறப்போம், மறுபடியும் முடங்கும். அதே சர்வரில் இருந்த மற்றவர்களின் தளங்களும் மெதுவாகத் திறக்க ஆரம்பித்தன. முதலாளி கூப்பிட்டு, "திங்கட்கிழமைக்குள்ள இத முடிச்சிடுங்க. இல்லன்னா அந்த அக்கவுண்ட எடுத்திடலாம்," என்றார்.

காரணத்தை என்னோடு வேலை செய்த குமரன்தான் கண்டுபிடித்தான். முனியாண்டியின் தளத்தில் ஓர் ஒலிக்கோப்பு இருந்தது. ஒரு பெண்ணின் ஒப்பாரி. தாப்பாவில் ஒருவர் நடத்தும் இறப்பு அறிவிப்புத் தளம் அதை நேரடியாக இழுத்துப் போட்டிருந்தது. ஓர் அறிவிப்பில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும். பேராக் மாநிலத்தில் நம்மவர் யார் தவறினாலும் அந்த அறிவிப்புத்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும். திறந்து எங்கே விரல் பட்டாலும் ஒப்பாரி ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் அந்த ஏர்கோன் கடையிலிருந்து கோப்பு போகும்.

குமரனுக்கு உற்சாகம். "அக்கா, சுலபம்லா. ஃபைல் பேர அப்படியே வெச்சிட்டு உள்ள வேற சத்தத்த போட்டுடுவோம். சிரிப்புச் சத்தம் ஒண்ணு வெச்சிருக்கேன். ஒரே நாள்ல அந்த ஆளு ஓடி வந்து எடுத்துடுவாரு."

"வேணாம்."

"எல்லாரும் செய்றதுதானே அக்கா. திருடுனவருக்குப் பாடம்."

நான் அந்தத் தளத்தில் அன்று காலை ஏற்றப்பட்டிருந்த அறிவிப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. சாலை விபத்து என்று போட்டிருந்தது.

"இந்தப் புள்ளையோட அம்மா இன்னைக்கு இதத் தொறப்பாங்க," என்றேன். "உன் சிரிப்ப யாரு கேக்கப் போறா? தாப்பாக்காரரா?"

குமரன் தன் சிரிப்புச் சத்தக் கோப்பை மூடினான். "அப்ப பிளாக் பண்ணிடலாம் அக்கா," என்றான்.

அதுதான் வழக்கம். வெளித் தளங்களுக்குக் கோப்பைக் கொடுக்காதே என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. அந்த வரியை எழுதியும் விட்டேன். ஆனால் சேமிக்கும் முன்பு, சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. தளத்தில் போட்டிருந்த எண்ணுக்கு அழைத்தேன்.

"ஏர்கோனுங்களா? ஆளு இல்லைங்க," என்றது ஒரு வயதான குரல்.

நான் யார் என்று சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். உங்கள் பாட்டை வேறொருவர் எடுத்துப் போட்டிருக்கிறார், நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். எப்போது நிறுத்துவீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இவர் பதறிப்போனார்.

"நிறுத்திடாதீங்க தங்கச்சி. எனக்குத் தெரியும். கொஞ்சம் நேர்ல பேசணும். வீட்டுக்கு வேணாம். தாமான் முன்னுக்கு ஒரு ஒட்டுக்கடை இருக்கு, அங்க வாங்க."

சனிக்கிழமை மத்தியானம் செமோருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து ஒரு பக்கம் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் வரிசையாக மலிவு வீடுகள் கொண்ட தாமான். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கொடுத்த வீடுகள் அவை. ஒட்டுக்கடை என்கிற அந்தச் சின்னத் தேநீர்க் கடையில் அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டிருந்தார். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் எனக்கும் தே சொன்னார்.

ஏர்கோன் கடை அவருடையதல்ல. மகன் தினேஷுடையது. தளத்தை உருவாக்கியதும் அவன்தான். கொரோனா சமயத்தில் யாரும் வெளியே போகக்கூடாது என்றிருந்தபோது, தினேஷ் மருத்துவமனையில் இறந்துபோனான்.

"வீட்டுக்குக் கொண்டு வர விடலைங்க," என்றார் முனியாண்டி. "வேன்ல வெச்சு நேரா கொண்டு போனாங்க. நான் கெஞ்சுனேன். எங்க வாசல் வழியாவாச்சும் போங்கன்னேன். அந்த டிரைவர் நல்ல மனுசன். கேட்டுக்கு முன்ன கொஞ்ச நேரம் நிறுத்துனாரு. நாங்க கேட்டுக்கு உள்ள. அவன் வேனுக்கு உள்ள. அவன் அம்மா கம்பிய புடிச்சிட்டு அழுதா. நான் ஹேண்ட்போன்ல புடிச்சேன்."

"எதுக்குண்ணே புடிச்சீங்க?"

"தெரியல. வர முடியாதவங்களுக்கு அனுப்பலாம்னு நெனச்சேன்போல."

எல்லாருக்கும் அனுப்பினாராம். எல்லாருடைய வீட்டிலும் அப்போது பயம்தான். திரும்பி ஒரு வார்த்தை எழுதியவர்களே குறைவு. பிறகு, மகனுடைய தளத்தில் எதையாவது ஏற்றுவது எப்படி என்று நம் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைசிப் பக்கத்தில் மகனின் படத்தைப் போட்டு, கீழே அந்த அழுகையை வைத்திருக்கிறார். வருஷக் கணக்கில் யாரும் அங்கே வரவில்லை. மகனின் கைப்பேசி எண்ணையும் உயிரோடு வைத்திருந்தார். எப்போதாவது ஏர்கோன் கழுவ வேண்டும் என்று யாராவது அழைப்பார்கள். ஆள் இல்லை என்று சொல்வதற்காகவே அதை எடுப்பார்.

"அப்புறம் ஒருநாள் பாத்தா, எத்தன பேரு தொறந்தாங்கன்ற எண்ணிக்கை ஏறுது. நூறு, அப்புறம் ஆயிரக்கணக்குல. மொதல்ல எனக்குப் புரியல. அப்புறம்தான் அந்த தாப்பா விஷயம் தெரிஞ்சுச்சு." தே ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை. "கோபம் வரல தங்கச்சி. எம்புள்ள சாவுக்கு யாரும் வரல. தினம் காலைல எந்திரிச்சு அந்த நம்பரப் பாப்பேன். வந்திருக்காங்கன்னு ஒரு நெனப்பு."

அவர்கள் தினேஷைப் பார்க்க வரவில்லை, தினேஷ் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

கிளம்பும்போது சொன்னார்: "சரசுவுக்கு இது தெரியாது. அவ அழுதத நான் நெட்ல போட்டதே தெரியாது. சொல்லிடாதீங்க."

சரசு அவருடைய மனைவி. பாடியவர்.

ஞாயிற்றுக்கிழமை தாப்பாக்காரரை அழைத்தேன். இளங்கோ என்று பெயர். சண்டைக்குத் தயாராகத்தான் அழைத்தேன். அவரோ கேட்டதும் கூனிக் குறுகிவிட்டார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுட்டியாம். ஏதோ பழைய பாட்டு, பொதுவானது என்று நினைத்திருக்கிறார். அது ஒரு தாய் தன் இறந்த மகனுக்காக அழுதது என்று சொன்னேன்.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். எங்கிட்ட எடம் நிறைய இருக்கு. ஒரு காப்பி எடுத்து என் சர்வர்லயே போட்டுக்கிறேன். அவங்களுக்குத் தொந்தரவு வராது. சொந்தக்காரரு சரின்னுட்டாரா?"

சொந்தக்காரர் சரி என்றுதான் சொல்வார். முதலாளிக்கும் சுமை போனால் போதும். இளங்கோவுக்கும் பாட்டு கிடைக்கும். அன்று மாலைக்குள் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. நம் தொழிலில் ஆபத்தான நேரம் என்று நான் நினைப்பது இதைத்தான். எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்ட நேரம். அப்போதுதான் யாரைக் கேட்கவில்லை என்று பார்க்க வேண்டும். கோப்பு யார் கணக்கில் இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் அத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் குரல் யாருடையது என்று ஒருவரும் பேசவில்லை. தாப்பாக்காரர் முனியாண்டியைக் கேட்கவில்லை, சரி. முனியாண்டி சரசுவைக் கேட்டாரா?

மறுபடி அவரை அழைத்தேன். அக்காவிடம் சொல்லிவிடுங்கள், அவர் சரி என்றால் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்றேன். முடியாது என்றார். நானும் விடவில்லை. கடைசியில், "அப்படின்னா திங்கட்கிழமை நான் தொடர்ப நிறுத்தித்தான் ஆகணும்ணே. உங்க பக்கத்துல இருக்கும், வெளியில கேக்காது," என்றேன்.

"உங்களுக்கு ஒரு பட்டன்," என்றார். குரல் உயரவில்லை. "வந்த கூட்டத்த அனுப்பிடுவீங்க. அன்னைக்கி அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. சட்டம்னாங்க."

வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்த வரியைச் சேமித்தேன். அந்த நொடியிலிருந்து பேராக் முழுக்க இறப்பு அறிவிப்புகள் சத்தமில்லாமல் போயின. ஒருவரும் புகார் சொல்லவில்லை. சர்வர் சீராகிவிட்டது, முதலாளி தோளைத் தட்டினார். குமரன் கீழே போய் எனக்கும் ரொட்டி வாங்கி வந்தான். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுக்க, வந்ததும் முதல் வேலையாக முனியாண்டியின் தள எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். ஒன்று இருக்கும், சில நாள் இரண்டு. அந்த ஒன்று அவராகத்தான் இருக்கும். நானும் அப்போது தனி ஆள். வீட்டுக்குப் போனால் ரேடியோவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் சமைப்பேன். ஒரு மனிதர் காலையில் எழுந்து வெறும் எண்ணைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சரியானதைச் செய்தாலும் இந்தத் தொழிலில் சில நாள் மனசு கனத்துத்தான் கிடக்கும். அது போய்விடும் என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒருநாள் அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண் குரல் என்னைக் கேட்டு வந்தது.

"பாட்ட நிறுத்துனது நீங்கதானே?"

"ஆமாங்க."

"நான் சரசு. வீட்டுக்கு வாங்க. ஒட்டுக்கடைக்கு வேணாம்."

போனேன். கம்பிக் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். தோட்ட வேலை பார்த்தவர்போல உறுதியான கைகள். முனியாண்டி உள்ளே நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது.

"எனக்கு எப்பவோ தெரியும் தங்கச்சி," என்றார் சரசு அக்கா. "கிளினிக்ல நம்பருக்குக் காத்துட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு புள்ள ஹேண்ட்போனத் தொறந்துச்சு. என் கொரல். தினேஷு, தினேஷுன்னு. அந்தப் புள்ள முகத்தச் சுளிச்சிட்டு அமுக்கிடுச்சு."

முனியாண்டி நிமிர்ந்து பார்த்தார். கிளினிக்கில் நடந்ததை அவரும் அப்போதுதான் கேட்கிறார் போல.

"ஏன் எங்கிட்ட கேக்கல?" என்றார்.

"நீங்க சோறு திங்க ஆரம்பிச்சிருந்தீங்க," என்றார் சரசு அக்கா. "காலைல எந்திரிச்சு எதையோ பாத்துட்டு, நல்லா குளிச்சு, வெளிய போக ஆரம்பிச்சிருந்தீங்க. அத ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தனித்தனியாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். சரசு அக்கா என்னை உட்காரச் சொல்லி, அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு வந்தார்.

தாப்பாக்காரர் உங்கள் அனுமதியோடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார், உங்கள் பெயரைப் போடுவாராம் என்று சொன்னேன்.

"நான் பாட்டுக்காரி இல்ல," என்றார். "எங்கம்மா சாவு வீட்டுல பாடுவாங்க, நான் கூடப் போனதுகூட இல்ல. அன்னைக்கி வாயில வந்தது அது. எம்புள்ள பேரச் சொல்லி அழுதேன். அத வேற வீட்டுப் புள்ளைக்கு எப்படிப் போடுறது? அவங்க புள்ளைக்கு அவங்கதானே அழணும்."

"அப்ப எடுத்துடலாங்களா அக்கா? உங்க பக்கத்துல இருந்தும்?"

முனியாண்டி மனைவியைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றார் சரசு அக்கா. "அவன் படத்துக்குக் கீழ இருக்கட்டும். எம்புள்ளையப் பாக்கணும்னா இங்க வந்து பாக்கட்டும். மொகத்தப் பாத்து, பேரப் படிச்சு, அப்புறம் கேக்கட்டும். வழியில போறவங்க காதுல போய் விழ வேணாம்."

ஹாட்லிங்க் பற்றி நான் எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். கோப்புக்குச் சுட்டி கொடுக்காதீர்கள், பக்கத்துக்குக் கொடுங்கள் என்பேன். காரணம் கேட்டால் போக்குவரத்து, செலவு, உரிமை என்று அடுக்குவேன். அதற்குப் பிறகு அந்தக் காரணங்களைச் சொல்லும்போது எனக்கே போதவில்லை. பக்கத்துக்கு வருகிறவர் யாருடைய வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வருகிறார். கோப்பை மட்டும் இழுத்தால் அது தெரியாது. எனக்குத் தெரிந்த காரணம் இப்போது அவ்வளவுதான்.

இளங்கோ எல்லா அறிவிப்புகளிலிருந்தும் சுட்டியை எடுத்தார். தன் தளத்தில் ஓரிடத்தில், இத்தனை நாளும் இங்கே ஒலித்தது ஒரு தாய் தன் மகன் தினேஷுக்காக அழுதது, கேட்காமல் போட்டதற்கு மன்னிக்கவும் என்று எழுதி, மகனின் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தார். அந்த வாசகத்தைப் போடுவதற்கு முன் என்னிடம் அனுப்பி, அக்காவிடம் படித்துக் காட்டிச் சரியா என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டுச் செய்ய அவர் கற்றுக்கொண்டார். பெரிய கூட்டம் எதுவும் வரவில்லை. சில பேர் வந்தார்கள். ஏர்கோன் வேலைக்குத் தினேஷிடம் சாமான் விற்ற ஒருவர் பாகான் செராயிலிருந்து அந்தப் பழைய எண்ணுக்கு அழைத்து, தினேஷ் இறந்ததே தனக்குத் தெரியாது என்று சொல்லி அழுதாராம். முனியாண்டி அதை என்னிடம் சொன்னபோது, முதல் தடவையாக எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாசகத்தைப் படித்துக் காட்டப் போயிருந்த அன்று நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சரசு அக்கா கேட்டுவிட்டுச் சரி என்றார். பிறகு என்னிடம், "நீங்க அத முழுசா கேட்டீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். அந்தக் கோப்பின் அளவு எனக்குத் தெரியும், எத்தனை முறை போனது தெரியும், எங்கெல்லாம் போனது தெரியும். வேலை செய்கிறதா என்று பார்க்கத் தொடக்கத்தைத் தொட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறேன். அறிவிப்புகளைத் திறந்தவர்களும் பெரும்பாலும் அவ்வளவுதான் கேட்டிருப்பார்கள்.

"இவரும் கேட்டதில்லையாம்," என்றார். "போட்டதோட சரியாம்."

முனியாண்டி கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தார். சரசு அக்காதான் தொட்டார்.

முதலில் வேன் எஞ்சின் சத்தம். அதன்மேல் அவர் குரல் எழுந்தது. அதில் இருந்த சொற்களை இங்கே எழுதமாட்டேன். எழுதலாமா என்று நான் அவரைக் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் சத்தம் தேய்ந்து போனது. அவர் இன்னும் பாடிக்கொண்டே இருந்தார். பிறகு மூச்சு முட்டி நின்றார். அந்த அமைதியில், கைப்பேசிக்கு மிக அருகில், அழுது தொண்டை கட்டிய குரலில் அவர் கேட்டார்: "போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க," என்றது முனியாண்டியின் குரல்.

முடிந்தது என்று நினைத்து நான் நிமிர்ந்தேன். முடியவில்லை. அவர் பதிவை நிறுத்த மறந்திருக்கிறார். கம்பிக் கதவு சாத்தப்படும் சத்தம், செருப்புச் சத்தம், யாரோ நாற்காலியை இழுப்பது, பிறகு மின்விசிறி சுற்றுவது மட்டும். வெகுநேரம் அது மட்டும்தான் ஒலித்தது. சரசு அக்கா கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் தானாக நிற்கும்வரை நாங்கள் மூன்று பேரும் எழவில்லை.